ஏழு இன்வெர்ட்டரும் இரண்டு காதும்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவன் வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இனி ஒரு நிமிஷம்கூட என்னால் பொறுக்க முடியாது. மச்சான், இப்போது காலை பதினொன்று பத்து. எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பனியனோடு வாசலில் நின்று செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார். நானோ ஓடுகிற ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, விளக்கையும் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். பட்டப்பகலில் விளக்குத் தேவையில்லைதான். இருந்தாலும் போட்டிருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் மின்விசிறி மொத்த வியாபாரி, ஒரு காதில் நான் இருந்தால் இன்னொரு காதில் லாரிக்காரர் இருக்கிறார். நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள், "சரிங்க அத்தான், எல்லா இன்வெர்ட்டரும் ஒண்ணுதான், பக்கத்துல எது கிடைக்குதோ வாங்கிப் போடுங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். எல்லா இன்வெர்ட்டரும் ஒன்றல்ல, மச்சான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடிதத்தை நீங்கள் பாதியில் வைத்தாலும் அது பேசி முடிக்காமல் போகாது.

உங்கள் அக்கா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்புகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படிச் செய்கிறாள் என்பது தெரியாது. படுக்கையறையை ஒட்டிப் பழைய பெட்டிகள் போட்டிருந்தோமே, அந்தச் சின்ன அறையைக் காலி செய்து, நான்கு சுவரிலும் பழைய மெத்தைகளை நிறுத்திக் கட்டி, கதவின் உள்பக்கம் ஒரு கம்பளியை ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். உள்ளே ஒரு மேசை, மைக், விளக்கு, மேலே ஒரு ஃபேன். கணினிப் பெட்டி இரையும் என்பதால் அதை வெளியே வைத்து, ஒயரை மட்டும் கதவுக்கடியில் விட்டிருக்கிறாள். படிக்கும்போது ஃபேன் ஓடக்கூடாது, ஓடினால் மைக்கில் புயலடிக்கும். ஆகவே பத்து நிமிஷம் படிப்பாள், ஃபேனைப் போட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி நிறுத்திவிட்டுப் படிப்பாள். வெளியே வரும்போது துவைத்துப் பிழியாத துணி மாதிரி வருவாள். இந்த வருஷம் அவளிடம் வந்தது கல்லூரி வரலாற்றுப் புத்தகம், மொத்தம் பதினான்கு பாடம். பரீட்சைக்கு அப்போது முப்பத்தைந்து நாள்.

இங்கேதான் கரண்ட் உள்ளே வந்தது, அதாவது வெளியே போனது. பேருந்துப் பணிமனையில் இருபத்தொன்பது வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். வண்டி கிளம்பும் நேரத்தைக் குறித்த கை, கரண்ட் கிளம்பும் நேரத்தையும் குறிக்காமல் இருக்குமா? என் நோட்டுப்படி காலையில் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒன்று, பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே ஒன்று. எங்கள் தெருவில் ஹாரனும் பிள்ளைகள் சத்தமும் ஓய்ந்து, மைக்குக்கு ஏற்ற அமைதி கிடைக்கும் நேரமும் அதுவேதான். ஒரு பிசகு இல்லை. எங்கள் பணிமனை வண்டிகள் ஒருநாள்கூட இவ்வளவு ஒழுங்காகக் கிளம்பியதில்லை.

ஆறாம் பாடம் வரி விதிப்பு முறைகள். நாற்பது பக்கம். மூன்றாவது முறையாகக் கடைசிப் பக்கத்தில் கரண்ட் போய், கணினி அணைந்து, பதிவு அத்தனையும் அழிந்தபோது உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் திறந்தால், கும்மிருட்டில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. அந்த ஜனங்க கிட்ட நாலாவது தடவையா வரி வசூல் பண்ணப் போறேன். பாவம், அவங்க கிட்டயும் இனிமே ஒண்ணும் இருக்காது" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குரல் கரகரவென்று இருந்தது, மச்சான். அன்றைக்குத் தீர்மானித்தேன், இந்த வீட்டில் இனி கரண்ட் போகக்கூடாது என்று.

மடிக்கணினி வாங்கினால் தீர்ந்ததே என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மடிக்கணினி விளக்கு எரிக்குமா, ஃபேன் சுற்றுமா? மெத்தைக்கு நடுவே காற்றில்லாமல் உட்கார்ந்து அது பாட்டுக்கு வேலை செய்யும், உங்கள் அக்கா செய்வாளா? ஆகவே உங்கள் இன்னொரு யோசனையை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, "வீட்டுக்கு வீடு இதான் சார் ஓடுது" என்றார். அன்றைக்கே மாட்டினோம். கரண்ட் போனது. விளக்கு எரிந்தது. கணினி அணையவில்லை. நான் கூடத்தில் நின்று கைதட்டினேன். உங்கள் அக்கா ஆறாம் பாடத்தை முடித்தாள், அனுப்பினாள், அன்றைக்கு நாங்கள் இருவரும் ராஜா ராணி மாதிரி உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

மறுநாள் காலை ஒரு போன். இந்தப் பதிவுகளைக் கேட்டுப் படிக்கிற கல்லூரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. எதையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாள், பேசுவதும் அதே வேகம், அதனால் கூட்டாளிகள் வைத்த பெயர் ஸ்பீடு. அவள்தான்.

"டீச்சர், பாடம் அருமை. ஆனா உள்ள ஒரு தேனீ இருக்கு."

"தேனீயா?"

"ஆமா டீச்சர். முதல் பக்கத்துல வருது, கடைசி வரைக்கும் போகவே இல்ல. ரெண்டு மடங்கு வேகத்துல கேட்டா தேனீக் கூட்டமே வருது. வரி எவ்வளவுன்னு கேக்கறதா, கொட்டாம தப்பிக்கறதான்னு தெரியல."

அன்று முழுக்க நான் தேனீ வேட்டை ஆடினேன். மெத்தைகளைப் பிரித்து உதறினேன், மூலையெல்லாம் பூச்சி மருந்து அடித்தேன், உங்கள் அக்கா தும்மித் தும்மி ஒரு நாள் பதிவு போனதுதான் மிச்சம். கடைசியில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எந்த வீட்டில் என்ன கோளாறு என்றாலும் முதலில் "எர்த் சரியில்ல" என்பார், அதனால் அவருக்கு எர்த் என்றே பேர். வந்தார். எர்த் சரியில்லை என்றார். பார்த்தால் உண்மையிலேயே சரியில்லை, அதைச் சரி செய்தார். தேனீ பாதி போனது, மீதி போகவில்லை. பிறகு இன்வெர்ட்டரின்மேல் கையை வைத்து, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கண்ணை மூடினார்.

"சார், லைன்ல வர்ற கரண்ட் அலை மாதிரி, வழுவழுன்னு ஏறி இறங்கும். இந்தப் பொட்டி குடுக்கறது படிக்கட்டு மாதிரி. ஏறும், நிக்கும், தொபுக்குன்னு இறங்கும். விளக்குக்கு அது தெரியாது. மைக்குக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டியது சைன் வேவ் இன்வெர்ட்டர். சுத்தமான அலை."

நாற்பது வருஷமாக நான் கரண்ட் என்றால் இருக்கிறது, இல்லை என்று இரண்டே வகை என நினைத்திருந்தேன். அதற்குள் அலையும் படிக்கட்டும் இருக்கிறதாம்! எனக்கு உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது. மேற்கொண்டு எர்த் சொன்னார், பகலில்தான் கரண்ட் போகிறது, பகலில்தான் வெயில் காய்கிறது, மாடியில் சோலார் தகடு போட்டால் பேட்டரி தீர்ந்துபோகும் என்ற கவலையே இல்லை என்று. இவ்வளவு எளிதான கணக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னை நானே தலையில் குட்டிக்கொண்டேன்.

மறுநாளே உங்கள் அக்காவையும் அழைத்துக்கொண்டு சோலார் கம்பெனி ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர். சுவரெல்லாம் நீலத் தகடுகளும் சிரிக்கும் குடும்பங்களும். மீட்டர் பின்பக்கமாகச் சுற்றும், நாம் அரசாங்கத்துக்கே கரண்ட் கொடுக்கலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு மார்பு விம்மிக்கொண்டே வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது உங்கள் அக்கா வாயைத் திறந்தாள்.

"தம்பி, பேட்டரி எங்க வைப்பீங்க?"

"இதுல பேட்டரியே கிடையாதும்மா. அதான் இதோட விசேஷம்."

"அப்ப தெருவுல கரண்ட் போனா?"

"இதுவும் தானா நின்னுடும்மா. கம்பத்துல ஏறி வேலை செய்யறவங்களுக்கு நம்ம கரண்ட் பாயக்கூடாதில்லையா? பாதுகாப்பு."

"வெயில் அடிச்சிட்டு இருக்கும்போதே?"

"வெயில் அடிச்சாலும்தாம்மா."

"அதாவது கரண்ட் இருக்கும்போது இதுவும் இருக்கும். கரண்ட் இல்லாதப்ப இதுவும் இருக்காது."

"கரெக்ட்டாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா!" என்றார் அவர், மனம் நிறைந்து.

நான் பேனாவை மூடினேன். அந்த ஏற்பாட்டால் பயன் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல நாளில் மட்டும் கூட இருக்கிற சொந்தக்காரர்கள் எனக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். (உங்களைச் சொல்லவில்லை, மச்சான்.)

அதற்குள் ஸ்பீடு மறுபடி போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். "சார், பரீட்சைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். நீங்க கடை கடையா ஏறி இறங்கறதுக்குள்ள நான் எழுதி, ரிசல்ட் வந்து, மேல்படிப்புக்கே சேர்ந்துடுவேன். அடுத்து எந்தக் கடைக்குப் போறீங்க? நானும் வர்றேன்" என்றாள். நீ எதுக்கும்மா என்றேன். "உங்களுக்குப் பொட்டி வேணும். எனக்குச் சத்தம் இல்லாத பாடம் வேணும். சத்தம் யாருக்குக் கேக்குது, உங்களுக்கா எனக்கா?" என்றாள். பேருந்து நிறுத்தத்துக்கு வரச் சொல்லி நேரம் குறித்தேன்.

சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னதாக வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு பேருந்திலிருந்து தனியாக இறங்கினாள். மூன்று பேருமாக எர்த் சொன்ன பெரிய இன்வெர்ட்டர் கடைக்குப் போனோம். அங்கே விற்பனையாளர் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு, கரண்ட் போனால் என்னென்ன ஓட வேண்டும் என்று கேட்டார். நான் ஆர்வத்தில், ஃப்ரிட்ஜ், துணி துவைக்கிற மிஷின், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, வாசல் மணி என்று அடுக்கினேன். அவர் எழுத எழுத அவர் முகம் மலர்ந்தது, படிவத்தின் பின்பக்கமும் நிறைந்தது. உங்கள் அக்கா அந்தக் காகிதத்தை மெதுவாக வாங்கி ஒரு கோடு போட்டாள். "மைக், கம்ப்யூட்டர், ரெண்டு விளக்கு, ரெண்டு ஃபேன். ஃப்ரிட்ஜ் வேணும்னா இருக்கட்டும். மோட்டார் கிளம்பும்போது நாலு மடங்கு இழுக்கும், அது வேண்டாம். கரண்ட் இல்லாதப்ப யாரும் சட்டைக்கு இஸ்திரி போடப் போறதில்ல" என்றாள். இவள் இதையெல்லாம் எப்போது படித்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்தது பேட்டரி. ஒருவகைக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், இன்னொரு வகை லித்தியம், விலை கூட, ஆனால் தண்ணீர் கேட்காதாம். நான் தண்ணீர் ஊற்றும் வகையே போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உங்களுக்கு வேளாவேளைக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கறதே நான்தான். இன்னொண்ணையும் சேர்த்து என்னால பாக்க முடியாது" என்றாள் உங்கள் அக்கா. லித்தியம் என்று முடிவாயிற்று.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம், மச்சான். லாரிக்காரரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர்கள் மட்டும் ஏழு இருந்தன, ஒரு நீள மேசையில் வரிசையாக. விற்பனையாளர் ஒவ்வொன்றின் பெருமையையும் சொல்லத் தொடங்க, ஸ்பீடு கையை உயர்த்தினாள்.

"அண்ணே, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஓட விடுங்க. ஏசியை நிறுத்திடுங்க. அந்தப் பக்கம் யாரோ சாவியை ஆட்டிட்டே இருக்காங்க, அவங்களையும்."

ஏசி நின்றது. சாவியை ஆட்டிக்கொண்டிருந்த காசாளர் அதை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். பள்ளிக்கூடப் பிரார்த்தனை நேரம் போல ஆகிவிட்டது கடை. விற்பனையாளர் ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கையும் ஃபேனையும் மாட்டி ஓடவிட, அவள் பெட்டிக்குப் பெட்டி குனிந்து, காதை வைத்து, நகர்ந்தாள்.

"இது மூக்கடைச்சவர் பாடற மாதிரி இருக்கு. அடுத்தது... இதுக்கு உள்ள குட்டி ஃபேன் ஓடுது, அதுல ஏதோ உரசுது. இது பரவால்ல, ஃபேனை நிறுத்திப் போடுங்க. ஆங், பாத்தீங்களா? சுமை ஏறுனதும் முனகுது. இது சின்னதா விசில் அடிக்குது."

"விசிலா? எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா!" என்றார் விற்பனையாளர்.

"உங்களுக்கு வயசாயிடுச்சு அண்ணே" என்றாள். அவருக்கு முப்பதுகூட இருக்காது.

ஐந்தாவது பெட்டிக்கு முன்னால் குனிந்தவள் நிமிரவே இல்லை. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாடியிலிருந்து முதலாளியே இறங்கி வந்து படிக்கட்டில் நின்றுவிட்டார்.

"இதை இன்னும் போடலையா?" என்று கேட்டாள்.

"ஓடிட்டுதாம்மா இருக்கு. ரெண்டு நிமிஷமா ஓடுது."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப இதுதான்" என்றாள்.

ஆறையும் ஏழையும் அவள் ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை. அந்த ஐந்தாவது பெட்டி, சோலார் தகட்டையும் பேட்டரியையும் லைன் கரண்ட்டையும் மூன்றையுமே சேர்த்து மேய்க்கிற வகை, ஹைப்ரிட் என்கிறார்கள். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். காதால் தேர்ந்தெடுத்தது கணக்கிலும் சரியாக வந்துவிட்டது. நான் அந்தக் கடையின் நடுவே என்னை அறியாமல் "சபாஷ்!" என்று கத்திவிட்டேன், முதலாளி படியில் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் பிறகு ஸ்பீடைத் தனியாகக் கூப்பிட்டு, தன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு மாதமாக ஏதோ சொல்கிறது, ஒருமுறை வந்து கேட்டுச் சொல்ல முடியுமா என்று விசாரித்தார். "பரீட்சை முடியட்டும் சார்" என்றாள் அவள்.

இனி மாடி. தகடு போடுகிறவர்கள் வருவதற்கு முன்னால், எங்கே எப்போது நிழல் விழுகிறது என்று பார்த்து வைக்கும்படி எர்த் சொல்லியிருந்தார். வரிசையில் ஒரு தகட்டின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றவையும் சேர்ந்து சோர்ந்துவிடுமாம். நேரக் காப்பாளனுக்கு இதைவிட வேறென்ன வேலை வேண்டும்? தலையில் துண்டு, கையில் சாக்பீஸ். அரைமணிக்கு ஒரு முறை மாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலைச் சுற்றிக் கோடு இழுத்து, பக்கத்தில் நேரம் எழுதினேன். இரண்டாம் நாள் மாலை மொட்டைமாடி முழுக்க வெள்ளைக் கோடும் எண்ணுமாக, பெரிய விபத்து நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டது. துணி காயப்போட வந்த உங்கள் அக்கா கால் வைக்க இடம் தெரியாமல் நின்றாள்.

எல்லாம் சரியாக வந்தது, ஒரு நிழல் தவிர. பிற்பகல் மூன்று மணிக்கு, மூன்றாவது தகடு வரவேண்டிய இடத்தில், கீழே இரண்டு வேர் தொங்கும் பிரமாண்டமான கடைவாய்ப் பல் ஒன்று வந்து விழுகிறது. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் தன் மொட்டைமாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பல் விளம்பரம் நிறுத்தியிருக்கிறார் அல்லவா, அதன் நிழல். மூன்றிலிருந்து நாலு வரை அந்தப் பல் என் சூரியனைக் கடித்துக்கொண்டே நகர்கிறது. நேரே போனேன்.

"டாக்டர், உங்க பல்லைக் கொஞ்சம் நகர்த்தணும்."

"என் பல்லையா?"

"மாடியில இருக்கறதை. ஒரு நாலடி."

"அது பதினாலு வருஷமா அங்கதான் நிக்குது. அதைப் பாத்துதான் பஸ்லயிருந்து இறங்குறவங்க எங்கிட்ட வர்றாங்க."

நான் நோட்டை எடுத்து, மூன்று மணி, மூன்று பத்து, மூன்று இருபது என்று நிழல் நகர்ந்த விதத்தையும், பதினான்கு பாடத்தையும், தேனீயையும், பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்பதையும் ஒரே மூச்சில் விளக்கினேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லை நகர்த்திடலாம் சார். ஆனா உங்க மேல் வரிசையில பின்னாடி ஒண்ணு மோசமா இருக்கு. அப்படியே சாஞ்சு உக்காருங்க" என்றார். மறுநாள் அவர் பல் நாலடி நகர்ந்தது. என் பல் முழுசாகவே போய்விட்டது. கன்னம் இரண்டு நாள் வீங்கியிருந்தது, ஆனாலும் மூன்று மணி வெயில் ஒரு துளி குறையாமல் தகட்டில் விழுவதைப் பார்த்தபோது, மச்சான், இன்னொரு பல்லையும் கொடுத்திருப்பேன்.

ஆறு தகடுகளும் ஏறின. எர்த் எல்லா ஒயரையும் இழுத்துப் பார்த்து, வாழ்நாளில் முதல் முறையாக, "எர்த் நல்லா இருக்கு" என்றார். இன்வெர்ட்டரைக் கூடத்தின் கோடியில் மாட்டினோம். அதன் சின்னத் திரையில் வீடு, கம்பம், சூரியன், பேட்டரி என்று நான்கு படம், அவற்றுக்கு நடுவே ஓடும் அம்புக்குறிகள். அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், கரண்ட் போவதற்காக.

போகவில்லை.

முதல் நாள் போகவில்லை. இரண்டாம் நாள் பத்தரைக்கு உட்கார்ந்தவன் சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிச் சாப்பிட்டேன். போகவில்லை. நான் வேண்டுமானால் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்க்கட்டுமா என்றேன். "படிச்சிட்டு இருக்கும்போது அதைத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி" என்றாள் உங்கள் அக்கா. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"சார், எங்க தெருவுல எப்ப கரண்ட் போகும்?"

"எப்ப வரும்னு கேக்கறீங்களா?"

"இல்ல சார், இருக்கு. எப்ப போகும்?"

"கரண்ட் இருக்குன்னு புகார் பண்றீங்களா?"

"புகார் இல்ல சார். ஒரு ஆசை."

"இந்த நாற்காலியில நான் பத்தொன்பது வருஷமா உக்காந்திருக்கேன் சார்," என்றார் அவர், குரல் தழுதழுக்க. "ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்ல. கம்பி மாத்தற வேலை முடிஞ்சுதான் நல்லா குடுத்திட்டு இருக்கோம். கவலைப்படாதீங்க, எப்படியும் ஒரு நாள் போகும்."

நான்காம் நாள், அதாவது முந்தாநாள், பத்து முப்பத்தேழுக்குப் போனது! முதலில் தெருமுனைத் தச்சுப்பட்டறையின் ரம்பம் இழுத்துக்கொண்டே போய் நின்றது. பிறகு எதிர்வீட்டு ரேடியோ பாதிச் சொல்லில் அறுந்தது. திரையில் கம்பத்திலிருந்து வரும் அம்புக்குறி மறைந்தது, சூரியனிலிருந்து வரும் அம்புக்குறி தடிமனானது. கூடத்து ஃபேன் ஒரு சுற்றுக்கூடத் தயங்கவில்லை. சின்ன அறையின் கதவிடுக்கில் வெளிச்சம் அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்து உங்கள் அக்காவின் குரல், கடைசிப் பாடத்தை, ஒரு கமா பிசகாமல் படித்துக்கொண்டே போனது. தெரு முழுக்க அமைதி. அந்த அமைதிக்கு நடுவே அவள் குரல் மட்டும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் குரலை அவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை, மச்சான். என் ஆனந்தத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கும் போகலையா? பாவம் நீங்க" என்றாள்.

"போய் ஒரு மணி நேரம் ஆச்சு" என்றேன்.

நம்பவில்லை. வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து எங்கள் ஃபேனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கியவள், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தாள். "முடிஞ்சுதுங்க. பதினாலும் முடிஞ்சுது. பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றாள். நேரம் ஓடுகிறது என்று திருப்பிக்கூடக் கேட்காமல் உடனே அனுப்பிவிட்டாள்.

ஆகவே, நீங்களும் வீட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்யப்போவதாகத் தங்கச்சி சொன்னது உண்மையானால், தயவு செய்து பக்கத்துக் கடையில் கிடைப்பதை வாங்காதீர்கள். சுத்த அலையாக இருக்கட்டும். கரண்ட் இல்லாதபோதும் ஓடுமா என்று முதலில் கேளுங்கள். நிழலைப் பாருங்கள். வேண்டாததை எல்லாம் இஸ்திரிப் பெட்டியோடு சேர்த்து அடித்துவிடுங்கள். முக்கியமாக, வாங்கும் முன் காதை வைத்துக் கேளுங்கள். இன்றைய தேதியில் இந்த ஊரிலேயே அமைதியான வீடு எங்களுடையது என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பெரியவனுக்கும் சின்னவளுக்கும் ஆசீர்வாதம், இருவரும் அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைக்கும் பிள்ளைகளாக வளரட்டும். உங்கள் வியாபாரம் நிற்காமல் சுற்றட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் விரும்பும்
அத்தான்

பி.கு.: கடிதத்தை மடித்து உறைக்குள் போடும்போது ஸ்பீடு போன் செய்தாள். நான் பெருமையோடு ஸ்பீக்கரில் போட்டேன். "டீச்சர், தேனீ சுத்தமாப் போயிடுச்சு. ஆனா கடைசிப் பாடத்துல, 'அன்று மாலை பேரரசர் உயிர் நீத்தார்'னு நீங்க படிச்சு முடிச்ச உடனே, யாரோ ஒருத்தர் 'போயிருச்சு! போயிருச்சு!'ன்னு சந்தோஷமாக் கத்துறாங்க. 'தலைநகரில் மக்கள் கண்ணீர் வடித்தனர்'னு வருது, கைதட்டுறாங்க. அப்புறம் வாரிசுச் சண்டை மூணு பக்கமும் 'பாத்தியா, ஒண்ணும் ஆகல!'ன்னு சொல்லிட்டே இருக்காங்க. யாரு டீச்சர் அது?" என்றாள். மைக்குக்கு இவ்வளவு கூர்மையான காது என்பதும், படிக்கத் தொடங்கிவிட்டால் உங்கள் அக்காவுக்குக் காதே கிடையாது என்பதும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கடைசிப் பாடத்தை நாளையே மறுபடி பதிவு செய்கிறாள், கையோடு அடுத்த இரண்டு புத்தகங்களையும் தொடங்குகிறாளாம். அவை முடியும்வரை இந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம், பேட்டரி இருக்கலாம், ஆறு தகடும் இருக்கலாம், நான் மட்டும் இருக்கக்கூடாதாம். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். கடிதத்தையும் நானே கையில் கொண்டுவருகிறேன். நாளைக் காலை முதல் வண்டி. உங்கள் தெருவில் கரண்ட் எத்தனை மணிக்குப் போகும், மச்சான்? அதற்கு முன்னால் வந்துவிடப் பார்க்கிறேன்.